தெய்வ ரத்தத்துக்கு ஒரு திருத்தம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதைக் கண்டாலும் கழற்றி மாட்டாமல் கை சும்மா இருக்காது. இரவல் வாங்கி வந்த, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் பழைய விதிப் புத்தகத்தையும் அப்படித்தான் செய்தார். அதில் ராஜாக்களின் உடம்பில் தெய்வ ரத்தம் ஓடும். எவ்வளவு ரத்தமோ அவ்வளவு அதிகாரம். ஞாயிறு மத்தியானங்களில் அவர் கதை சொல்ல, மனைவி, மகள், மச்சான் மூவரும் ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டுவார்கள். அந்தக் கதையில் இதைப் பொருத்திவிட்டால் அமர்க்களம்தான் என்று நினைத்தார்.

பொருத்துவது லேசுப்பட்ட வேலையா? அங்கே ரத்தத்துக்கு நூறு புள்ளி, இங்கே இருபது முகப் பகடை. ஐந்தால் வகுத்தார். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ராஜ்ய வேலை. மச்சானுக்கோ மூன்று நிமிடமே பொறுக்காது. வாரா வாரம் என்று மாற்றினார். மாற்றத் தேவையில்லாததை எல்லாம் அப்படியே பார்த்து எழுதினார். நான்கு பக்கம் தேறியது.

ஞாயிறன்று, ஒரு வருடமாக ராஜாவாக மிதப்பில் திரிந்த மச்சான், பூதத்தின் முன்னால் பகடையில் வெறும் ஒன்று போட்டுத் தொலைத்தார். ராஜா காலி.

"அடுத்த பட்டம் எனக்குத்தானே?" மகள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். கதையில் அவள் ராஜா எடுத்து வளர்த்த தளபதி. இந்த நாளுக்காக ஒரு வருடமாகக் காத்திருந்தாள்.

"விதியப் பாப்போம்." மெக்கானிக் பெருமையாகத் தொண்டையைச் செருமிப் படித்தார். "பெற்ற பிள்ளைக்கே பட்டம். தத்துப்பிள்ளைக்கு ரத்தம் இறங்காது."

நுணலும் தன் வாயால் கெடும். மேசைக்கு அடியில் மனைவி விட்ட உதையில்தான் என்ன படித்தோம் என்பதே அவருக்கு உறைத்தது. மகளை அவர்கள் எட்டு மாதக் குழந்தையாகத் தூக்கி வந்து இருபது வருடம் ஆகிறது.

மகள் தாளைப் பிடுங்கினாள். "சரிப்பா, மொத ராஜாவுக்கு எப்படி வந்துச்சாம் இந்த ரத்தம்?"

"தெய்வம் சாகும்போது... பக்கத்துல நின்ன ஏழு பேருக்குள்ள போயிருச்சு."

"அவங்க தெய்வத்துக்குப் பொறந்தவங்களா?"

"இல்லம்மா. ஒருத்தன் சமையக்காரன். ஒருத்தி குதிரை மேய்க்கிறவ."

"அப்ப கூட நின்னா போதும்! மாமா, நீங்க சாகும்போது கூட நின்னது யாரு?"

"நீதான். செத்தவனே சொல்றேன், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் மச்சான்.

மெக்கானிக் தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியை அடித்தார். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. "கூட நின்றவருக்கே பட்டம்" என்று கிழிசலுக்குக் கீழே எழுதினார். நெஞ்சு ஆறவில்லை.

"மன்னிச்சிரும்மா. அத எழுதும்போது நான் உன்ன நெனைக்கவே இல்ல."

"அது தெரியும்ப்பா. தத்துப்பிள்ளைன்னு எழுதுறப்பகூட உங்களுக்கு என் ஞாபகம் வரல. எனக்கு அது போதும்."

தனக்கு எவ்வளவு ரத்தம் இறங்கியது என்று பார்க்க அவள் பகடையை உருட்டினாள். விழுந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக்தான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டதால் மச்சான்தான் எட்டிப் பார்த்துச் சொன்னார்.