வெளியே கொட்டிய சூடு

ஏ.சி.யைப் போட்டுவிட்டு பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொள்வது ரமாவின் வழக்கம். கணவர் பத்ரிநாத் காலமான பிறகு, அம்மா வெயிலில் தனியாக வேக வேண்டாமென்று மகன் ஸ்ரீஹர்ஷா டொரான்டோவிலிருந்தே ஆளைப் பிடித்து மாட்டச் செய்த ஏ.சி. கதவைச் சாத்தினால் அறை நன்றாகத்தான் குளிர்ந்தது. ஆனால் லிங்கராஜபுரத்து பஸ் இரைச்சலும் காய்கறி வண்டிக்காரரின் கூவலும் கேட்காமல் போய்விடும். அந்த நிசப்தத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது.

ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கண்கள் சிவந்து, தலை கலைந்து ஒரு பெண் நின்றாள்.

"ஆன்ட்டி, என் பேர் சங்கமித்ரா. பின்னாடி வீட்டு மாடி ரூம்ல இருக்கேன். ஆஸ்பத்திரில நைட் டியூட்டி, பகல்லதான் தூங்கணும். உங்க ஏ.சி.யோட அவுட்டோர் யூனிட் என் ஜன்னலுக்கு நேரா இருக்கு. நிக்கவே மாட்டேங்குது."

"ரிப்பேரா இருக்குமோ? உள்ள வந்து பாரும்மா."

அறைக்குள் வந்தவள் திறந்திருந்த பால்கனிக் கதவைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"எங்க வார்டுலயும் இதே கதைதான் ஆன்ட்டி. மெஷின், ரூம்ல இருக்கற காத்தை இழுத்து எவ்ளோ சூடுன்னு பாக்கும். நீங்க வெச்ச இருபத்தி நாலு டிகிரி வந்துச்சுன்னா கம்ப்ரஸர் தானா நின்னுடும். கதவு திறந்திருந்தா ரோட்டுச் சூடு வந்துட்டே இருக்கும். அது எப்படி நிக்கும்? ரூம் சூட்டையெல்லாம் வாரிட்டுப் போய் வெளிய கொட்டிட்டே இருக்கு."

"வெளியன்னா?"

"என் மேலதான்."

ரமாவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஏ.சி.யை அணைக்க ரிமோட்டைத் தேடினாள். பிறகு என்ன தோன்றியதோ, "நீ இங்கேயே படுத்துக்கோயேன். நான் ஹால்ல இருக்கேன்" என்றாள்.

சங்கமித்ரா தயங்கினாள். தூக்கம் தயங்கவில்லை. கட்டிலில் சாய்ந்த வேகத்தில் உறங்கிவிட்டாள். ரமா பால்கனிக் கதவையும் அறைக் கதவையும் சாத்திவிட்டு ஹாலில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தாள். புழுங்கியது. குக்கர் விசில் எழுப்பிவிடுமென்று சாதத்தைப் பானையில் வடித்தாள். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். அறைக்கு வெளியே கம்ப்ரஸர் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. நிற்கும்போது காதைத் தீட்டினால், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு லேசான குறட்டை. வீட்டில் இன்னொரு உயிர் மூச்சு விடுவதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

சாயங்காலம் எழுந்தவள் நின்றபடியே காபியைக் குடித்துவிட்டு ஓடினாள். மறுநாளும் வந்தாள். வெயில் தணியும்வரை வந்துகொண்டிருந்தாள். பேச்சென்று பெரிதாக இல்லை. தூங்க வருகிறவளிடம் என்ன பேசுவது?

மே மாதம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஊரே குளிர்ந்தது. சங்கமித்ரா வரவில்லை.

சந்து முனையில், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தவளை ரமா ஒருநாள் பார்த்தாள்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல ஆன்ட்டி. ரூம் ஜில்லுன்னு இருக்கு."

"தொந்தரவென்ன இருக்கு? சும்மாவும் வரலாமே நீ."

"கண்டிப்பா வரேன் ஆன்ட்டி."

ஸ்ரீஹர்ஷாவும் போனில் இப்படித்தான், இதே அன்போடு, வரேன் என்பான். ரமா கையசைத்துவிட்டு, தேங்கிய மழைநீரை ஒதுங்கி ஒதுங்கிக் கடந்து வீட்டுக்கு நடந்தாள்.