கறுப்பு மூடி

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. விடியலில் தொடங்கிய தூறல் நிற்கவும் இல்லை, வலுக்கவும் இல்லை. சேவை மையத்தின் கண்ணாடிக் கதவு பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால், வந்தவர்கள் பக்கத்துக் கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றார்கள். டேக் அக்கா வரிசையில் இரண்டாவது. அவளுக்கு முன்னால் நின்றவர் ஒரு பிரிண்டரைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்து, தம் மழைச்சட்டையை அதற்குப் போர்த்திவிட்டுத் தாம் நனைந்துகொண்டிருந்தார்.

"நாலாவது தடவைங்க," என்றார், யாரும் கேட்காமலே. "வீட்டுல இப்பல்லாம் ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டறாங்க. எனக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு."

அவள் சிரித்தாள். அரை நாள் விடுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்; பன்னிரண்டரைக்குள் கிடங்கில் இல்லாவிட்டால் அது முழு நாளாகிவிடும். மகள் வரவில்லை. இருபதாம் தேதி வரைபடங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். அறுபது மாணவர்களுக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் உள்ள கல்லூரி லேபில் ஒரு நாற்காலி கிடைக்க வேண்டுமானால் எட்டு மணிக்கே போய் நின்றாக வேண்டும்.

அவளுக்கு டேக் அக்கா என்று பெயர் வைத்தவர்கள் கிடங்கில் உடன் வேலை செய்பவர்கள். அது துணிக் கிடங்கு. வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் உடைகள் அவள் மேஜைக்கு வந்து சேரும். விலை டேக் இருக்கிறதா, பட்டன்கள் சரியாக இருக்கின்றனவா, மடிப்பு கலைந்திருக்கிறதா, உடுத்திய வாடை வீசுகிறதா என்று பார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். படிவத்தின் கீழே இரண்டே கட்டங்கள்: ஒன்று 'குறை தயாரிப்பில்', மற்றொன்று 'குறை வாடிக்கையாளரிடம்'. டேக் இல்லாத உடைக்கு இரண்டாவது கட்டம். அதில் பேச்சுக்கே இடமில்லை. மேற்பார்வையாளர் காலையில் டீ குடித்தபடியே ஐம்பது படிவங்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். பிறகு நாள் முழுவதும் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒன்பது ஆண்டுகளில் அவள் கணக்கு ஒருமுறையும் பிசகியதில்லை.

மகள் பாலிடெக்னிக்கில் கட்டட வரைகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடையில் முழுதாகச் சேர்த்து விற்கும் கம்ப்யூட்டர் தங்கள் கைக்கு எட்டாது என்று தெரிந்ததும், பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே பூட்டுவதென்று முடிவு செய்தாள். இரண்டு மாதம் அதே வேலையாக இருந்தாள். பட்டியலைக்கூட அவள் பட்டியலாக எழுதவில்லை. பழைய வரைதாளின் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, வலது மூலையில் 'வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல்' என்று முறைப்படி எழுதி, திருத்த எண்ணும் கொடுத்திருந்தாள்.

முதல் திருத்தத்தில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தது, மூன்றாவதில் இல்லை. ஐந்தாவதில் மானிட்டர் போய் வீட்டிலிருந்த பழைய டி.வி. அந்த இடத்துக்கு வந்தது. ஆறாவதில் கண்ணாடி வைத்த கேபினட் வெறும் தகரப் பெட்டியானது. ஏழாவதில் பதினாறு ஜி.பி. ரேம் எட்டாகச் சுருங்கியது. மீதி எட்டுக்குரிய இடத்தில் புள்ளிக்கோட்டால் ஒரு கட்டம்.

"இது என்னடி புள்ளி புள்ளியா?"

"பின்னாடி கட்டப்போற ரூம்மா. இப்பக் காசில்ல. எடம் மட்டும் விட்டு வெக்கறேன்."

"நம்ம வீட்டு மாடி மாதிரின்னு சொல்லு."

"நமக்கு வீடே வாடகைம்மா."

பவர் சப்ளையில் கொஞ்சம் குறைத்தால் ரேமை வாங்கிவிடலாமே என்று டேக் அக்கா கேட்டாள். மகள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கண்டிப்பாகத் தலையாட்டினாள்.

"அதுல மட்டும் கை வெக்கக் கூடாது. மட்டமா வாங்கினா, அது போறப்போ கூட இருக்கறதையெல்லாம் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்."

"உங்க பெரியப்பா மாதிரி."

"அதேதான்."

கடைசியாக மிஞ்சியது மதர்போர்டு. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றுக்குக் கடைக்காரரே பொறுப்பு. மற்றொன்றுக்குக் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி. ஆனால் பழுதென்றால் கம்பெனியின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும்.

"இதை எடுத்துக்குங்கக்கா. பதினஞ்சு நாளுக்குள்ள எதாச்சும் ஒண்ணுன்னா நேரா என்கிட்டக் கொண்டாங்க. கண்ணை மூடிட்டு மாத்தித் தர்றேன்."

"எழுதித் தருவீங்களா தம்பி?"

"என் வாய்தான்கா எழுத்து."

மகள் அவள் முழங்கையைத் தொட்டாள். "அந்த அண்ணன் நல்லவராத்தாம்மா தெரியறாரு."

"நல்லவரா இல்லையான்னு டேக் கட்டியா வெச்சிருக்கு? நாளைக்கு இவரு கடையில இல்லாமப் போனா அந்த வாய் யார்கிட்டப் பேசும்? கம்பெனின்னா காகிதம். காகிதம் எங்கயும் போகாது."

மகள் வாதாடவில்லை. கடையின் மேஜைமேலேயே தாளை விரித்து, ஒரு வரியை ரப்பரால் அழித்துவிட்டு மற்றதை எழுதி, 'திருத்தம் 9' என்று மாற்றினாள். ஒப்புதல் கட்டத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினாள். டேக் அக்கா உடனே போட்டுவிடவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தாள். புரியாத இடங்களில் எல்லாம் இது எதற்கு, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். கடைக்காரர் இரண்டு வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அவள் ஆறாவது வரியில்தான் இருந்தாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஒன்றரை வருடம் சேர்த்ததும், டேக் அக்கா ஒரு சீசன் முழுவதும் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததும் அந்தக் கையெழுத்தோடு கைமாறின.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தரையில் பழைய போர்வையை விரித்துப் பூட்டும் வேலை தொடங்கியது. மகள் ஸ்க்ரூக்களைத் தட்டுகளில் பிரித்து வைத்தாள். டேக் அக்கா, பெட்டியிலிருந்து வெளியே வந்த ஒன்றையும் விடாமல் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்: உறை, நுரைத்துண்டு, வயரைச் சுற்றியிருந்த கம்பி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம்கூட. எந்தப் பெட்டி எப்படி வந்ததோ அப்படியே திரும்பிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும்; அது அவள் கைப்பழக்கம்.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிராசசரை சாக்கெட் என்னும் அதன் குழியில் இறக்கி, மேலே இருந்த இரும்புச் சட்டத்தை அழுத்தினாள். 'டக்' என்று சத்தம். சட்டத்தின்மேல் மாட்டியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து டேக் அக்காவின் காலடியில் வந்து விழுந்தது. இரண்டு தீப்பெட்டி அகலம்கூட இல்லை.

"இது வேணுமாடி?"

"அது சும்மா மூடிம்மா. தானா கழண்டுக்கும்னு போட்டிருக்கு."

கிடங்கில் சட்டைக் காலருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டியும் இப்படித்தான் பிரிக்கும்போதே தெறித்து விழும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மேஜைக்கடியில் அதற்கென்றே ஒரு கூடை உண்டு. அவள் மூடியைக் குப்பைக் கூடையில் போட்டாள். மறுநாள் குப்பை வண்டி வந்தது.

கம்ப்யூட்டரில் விசிறி சுற்றியது, டி.வி.யில் படம் வரவில்லை. மகள் மூன்று முறை கழற்றி மூன்று முறை பூட்டினாள். கடைசி முறை கழற்றியபோது குழியிலிருந்த மெல்லிய பின்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் போனில் படமும் எடுத்தாள். எல்லாம் சீப்புப் பல் போல நேராக நின்றன. போர்டைக் கடைக்காரரிடம் கொண்டுபோனார்கள். அவர் தம்மிடமிருந்த பாகங்களை மாட்டிச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாப்பா மேல ஒரு தப்பும் இல்லக்கா. போர்டு வர்றப்பவே செத்து வந்திருக்கு. அன்னிக்கு அதை எடுத்திருந்தா இப்பவே மாத்திக் குடுத்திருப்பேன். இதை நான் தொட முடியாது. கம்பெனிக்குத்தான் போகணும்."

பத்து நாளைக்கு முன், முதல் தேதியன்று, இதே சேவை மையத்தின் கவுண்டரில் டேக் அக்கா பெட்டியை வைத்தாள். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திறந்து, உறை, பொட்டலம், கம்பி எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து, "இவ்வளவு நீட்டா யாரும் கொண்டாந்ததில்ல மேடம்," என்றாள். பிறகு போர்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"சாக்கெட் மூடி எங்க?"

டேக் அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கேள்வியின் தொனியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

"தூக்கிப் போட்டுட்டேம்மா," என்றாள். "பின்னெல்லாம் நேராத்தான் இருக்கு. பொண்ணு போட்டோ எடுத்து வெச்சிருக்கா."

"போட்டோ எடுத்துக்க மாட்டோம் மேடம். பின்னுக்குக் காவலே அந்த மூடிதான். அது இல்லன்னு எழுதிக்கறேன். மேல பிரிச்சுப் பாத்து முடிவு சொல்லுவாங்க."

பெட்டியை மறுபடி மூடியவள் டேக் அக்காதான். கிடங்கில் செய்வதைப் போலவே, டேப்பின் நுனியை உட்புறமாக முக்கோணமாய் மடித்து ஒட்டினாள். பிரிப்பவர் நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

வீட்டில் சொன்னபோது மகள், "விடும்மா. நானுந்தானே சும்மா மூடின்னேன்," என்றாள். பிறகு வரைதாளை எடுத்து மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று டேக் அக்காவுக்கு இருந்தது.

அந்த வாரம் அவள் மேஜைக்கு ஒரு சட்டை வந்தது. மடிப்பு கலையவில்லை; டேக் மட்டும் இல்லை. பையில் ஒரு சீட்டு: 'அப்பாவுக்கு வாங்கியது. அவர் போட்டுப் பார்க்கவில்லை. இனி போடவும் மாட்டார். தயவு செய்யவும்.' அவள் சீட்டை இரண்டு முறை படித்தாள். அடுத்த மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, லவ் லெட்டரா?" என்றாள். டேக் அக்கா சீட்டை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தாள். படிவத்தில் இரண்டாவது கட்டத்தைக் குறித்தாள்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. பிரிண்டர்காரரை வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். "அஞ்சாவது சாப்பாடு," என்று அவளிடம் சொல்லிவிட்டு, பிரிண்டருக்கு மறுபடி மழைச்சட்டையைப் போர்த்திக்கொண்டு வெளியே போனார்.

கவுண்டரில் அதே பெண். சளி பிடித்துக் குரல் கட்டியிருந்தது. ரசீதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து வைத்தாள்.

"வாரண்டி இல்லன்னு வந்திருக்கு மேடம்."

டேக் அக்கா பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். டேப்பின் நுனியில் முக்கோணம் அப்படியே இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை தடவினாள்.

"பிரிச்சுப் பாத்தாங்களாம்மா?"

"பாக்காம எப்படி மேடம் முடிவு போடுவாங்க?"

"இது நான் ஒட்டின டேப்பு."

அந்தப் பெண் டேப்பைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மூடி இருந்திருந்தா அன்னிக்கே புதுசு குடுத்திருப்போம் மேடம். என் கையில என்ன இருக்கு?"

"மூடி இல்லாததாலயாம்மா போர்டு செத்தது? வரும்போதே செத்துத்தான் வந்திருக்கு."

"ரூல் அதுதான் மேடம்."

டேக் அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ ஈரக் குடையை உதறினார்கள். இனி லேபில் நாற்காலி கிடைக்கும் நாட்கள் எத்தனை என்று அவள் மனம் இருபதாம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தடுக்கி நின்றது.

"எழுத்துல குடுங்க," என்றாள். "பொண்ணுகிட்டக் காட்டணும்."

அந்தப் பெண் இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுப் படிவத்தை எடுத்தாள். ரசீது எண்ணை எழுதினாள், தேதியை எழுதினாள். 'சாக்கெட் மூடி இல்லை. ஏற்க இயலாது' என்று எழுதி, கீழே இருந்த இரண்டு கட்டங்களில் இரண்டாவதைக் குறித்தாள். கறுப்பு மை காய்வதற்காக ஊதினாள். பிறகு துளையிட்ட ஓரம் பிசிறாமல் தாளைக் கிழித்துக் கண்ணாடிக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக நீட்டினாள். 'பரிசோதித்த அதிகாரி' என்ற இடத்தில் நீல மையில் ஒரு கையெழுத்து இருந்தது.

டேக் அக்கா தாளை வாங்கிக்கொண்டாள். கிழித்த தாளுக்கு அடியில் இருந்த படிவம் இப்போது மேலே தெரிந்தது. எண் இல்லை, தேதி இல்லை, கட்டங்கள் இரண்டும் காலி. அதன் அடியிலும் அதே நீலக் கையெழுத்து, மை நன்றாகக் காய்ந்து, அடுத்தவருக்காகக் காத்திருந்தது.