ஒரு சாணுக்கு மேற்பட்ட கத்திகள்

1.

இந்தக் கதை பிறந்த இடம் மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழு. ஒரு சாணுக்கு மேல் நீளமான கத்திகளின் விற்பனையைத் தடை செய்யலாமா என்று அரசு யோசிப்பதாகச் செய்தி வந்தது. யோசனைதான், சட்டம் இல்லை. இரண்டாம் மாடி ஸ்ரீனிவாசராகவன் 'மிக நல்ல முடிவு' என்று எழுதி, கும்பிடும் பொம்மை ஒன்றும் போட்டார். போட்ட கையோடு ராயப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தார்.

(முதலில் 'சென்னை கொந்தளித்தது' என்று தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். எங்கே கொந்தளித்தது? கடைக்குத்தான் ஓடியது.)

2.

வாங்கி வந்தது மூன்று கத்திகள். மீன் வெட்டுகிறவை. மனிதருக்கு வெங்காயம் நறுக்கக்கூடத் தெரியாது.

"இத வெச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?" என்றாள் மனைவி காமாக்ஷி.

"தடை பண்ணப் போறான்டி!"

"அதான், என்ன பண்ணப் போறேள்?"

"அப்புறம் கெடைக்காதுங்கறேன், புரியலையா நோக்கு?"

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் இட்டுக் கூடத்து அலமாரியில் வைத்தார். அதோடு அந்தக் கத்திகளின் உழைப்பு முடிந்தது.

3.

இனி இது கெங்கம்மாவின் கதை. நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கிறவள். வஞ்சிரம் வெட்டும்போது அவள் கத்தி பிடியோடு முறிந்தது. வெட்டித் தராத இடத்தில் யார் மீன் வாங்குவார்கள்? வாடிக்கையெல்லாம் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தது. இப்படியே போனால் உட்காரும் இடமும் கைவிட்டுப் போய்விடும்.

ராயப்பேட்டைக் கடைக்காரர் மெஹபூப் பாஷா கையை விரித்தார். "ஒண்ணும் இல்லம்மா. தடைன்னு பேச்சு வந்துச்சு, கட காலி. வாங்குனதுல முக்காவாசிப் பேரு மீனே துன்னாதவங்க."

"அப்ப மீன் விக்கிறவ இன்னா நைனா பண்றது? பல்லால கடிச்சிக் குடுக்கறதா?"

சரக்கு வந்தால் இன்னும் இரண்டு எடுத்துவைக்கச் சொல்லி ஸ்ரீனிவாசராகவன் கொடுத்துவிட்டுப் போன முகவரிச் சீட்டைப் பாஷா அவளிடம் நீட்டினார்.

4.

[இங்கே கெங்கம்மாவை ஒரு பக்கத்துக்குப் பேச வைக்க நினைத்தேன். அவளுக்கு நேரமில்லை.]

"சாமி, ஒரு கத்தி குடு சாமி. இன்னா வெலயோ வாங்கிக்க. தொழிலே நின்னுபோய் கீது."

"கத்தியா? எங்காத்துலயா? நாங்க மீனே சாப்பிடறதில்லையேம்மா!"

குங்குமம் இட்ட மூன்றும் அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்தன. அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

5.

முடிவு ஒன்று: காமாக்ஷி ஒரு கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் ஓடிவந்து, "இந்தாம்மா" என்று

வேண்டாம். எழுதுகிற எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: அரசு யோசனையைக் கைவிடுகிறது. பாஷாவின் கடையில் கத்தி குவிகிறது, வாங்க ஆளில்லை. கெங்கம்மாவின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இதை நம்ப முடிகிறது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

ஆகவே உங்கள் தலையில் கட்டுகிறேன். ஸ்ரீனிவாசராகவனைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? அந்தச் செய்தி உங்களுக்கும்தான் வந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் உறை பிரிக்காமல் ஒன்று கிடக்கிறது. கெங்கம்மா இப்போது உங்கள் வாசலில் நிற்கிறாள். நீங்கள் மீன் சாப்பிடுகிறவரா இல்லையா என்று அவள் கேட்கவில்லை.