முகுந்தன் தைத்த ரவிக்கை

மலர்விழியின் அக்கா மகளுக்குக் கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயதார்த்தம். புதன்கிழமை சாயங்காலம்தான் மலர்விழி ரவிக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் தையல்கடைக்குப் போனாள். கடைக்கார அம்மா தைப்பதை நிறுத்தாமலே, தீபாவளி ஆர்டர் மலையாகக் கிடக்கிறது, மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்துத்தான் அவள் கணவன் முகுந்தனுக்கு அந்த யோசனை வந்தது.

முகுந்தனுக்கு ஷா ஆலத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பதினெட்டாவது மாடியில் அந்தரத்தில் நின்றுபோன லிஃப்டையும் தட்டிக்கொடுத்துக் கீழே இறக்கிவிடுவான். மோட்டார் உள்ள எதுவும் தன் பேச்சைக் கேட்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அவர்களுடைய சாலாக் செலாத்தான் வீட்டில், எப்போதோ மலிவு விற்பனையில் வாங்கிய தையல் மெஷின் ஒன்று மூன்று வருடமாகப் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரி மேல் கிடந்தது.

"நானே தெச்சுத் தரேன்," என்றான்.

மலர்விழி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சட்டைப் பட்டன் அறுந்தா ஸ்டேப்ளர் அடிச்சுக்கிட்டு வேலைக்குப் போற ஆளு நீங்க."

"பட்டனுக்கு மோட்டார் இல்ல லா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்ட பிறகு மறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் முகுந்தன் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அவளுடைய பழைய ரவிக்கை ஒன்றை விரித்து, அதைப் பார்த்துத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டான். முதுகும் முன்பக்கமும் அச்சு மாறாமல் வந்தன. கைக்கு மட்டும், பழைய கை தொளதொளவென்று இருக்கிறதே என்று அவளையே அளந்து எழுதிக்கொண்டான். சுற்றளவு பன்னிரண்டு. வெட்டி, மடித்துத் தைத்து, நீட்டிய கையில் மாட்டப் போனால் விரல்களைத் தாண்டவில்லை. பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதிலாக டேப்பின் மறுபக்கம் திரும்பிப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு வெட்டியிருந்தான். மலர்விழி அந்தக் கையைத் தன் இரண்டு விரல்களில் மாட்டி அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

ரவிக்கைத் துணியில் மிச்சம் இல்லை. சேலையின் உள்முனையிலிருந்து ஒரு முழம் வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டான். கொசுவத்துக்குள் போகிற இடம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று அவளும் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அந்தத் துணியில் இரண்டு கைகள் தயாராயின. இந்த முறை அளவு பிசகவில்லை. ஆனால் ஜரிகை வெளியே தெரியும்படி வைத்தால் இரண்டுமே வலது கை. மறுபடியும் கத்தரிக்கோலுடன் அவள் முன்னால் போய் நின்றான்.

"ஏங்க, சேலை கட்டிக்கிட்டுப் போகணும். துண்டு கட்டிக்கிட்டு இல்ல," என்றாள் அவள். சொல்லிவிட்டு அரை முழம் கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மெஷின் தன் பங்கைக் காட்டியது. அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டது. முகுந்தன் ஸ்பேனர் செட்டைக் கொண்டுவந்து அடித்தட்டைக் கழற்றினான், துடைத்தான், எண்ணெய் விட்டான். கடைசியில் பார்த்தால் நூலை ஒரு கொக்கியில் மாட்ட மறந்திருக்கிறான், அவ்வளவுதான். மாட்டியதும் மெஷின் பறந்தது. அவனும் கூடவே பறந்தான். விலாப்பக்கம் இரண்டையும் ஒரே மூச்சில் ஓட்டி முடித்தபோது வாசல் மணி அடித்தது. சாப்பாடு வந்திருக்கும் என்று எழுந்தான். ரவிக்கையும் கூடவே எழுந்தது. கட்டியிருந்த கைலியையும் சேர்த்துத் தைத்திருந்தான். நூல் இன்னும் ஊசியில் இருந்ததால் மெஷினும் மேசை மேல் ஒரு சாண் நகர்ந்து வந்தது. கைலியை ஒரு கையில், மெஷினை மறு கையில் பிடித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்த மலர்விழி, கதவைத் திறக்கப் போன வழியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே நின்றவர் பொட்டலத்தை மெதுவாக வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

ஆனாலும் மாலைக்குள் ரவிக்கை பிறந்துவிட்டது. போட்டுப் பார்த்தாள். தோளில் சரியாக உட்கார்ந்தது, கை இறுக்கவில்லை. கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தவள் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். பின்பக்கம் கொக்கி வைப்பது மட்டும் பாக்கி. அதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றான்.

காலையில் வைத்தான். ஒரு பக்கம் ஆறு கொக்கி, மறுபக்கமும் ஆறு கொக்கி. மாட்டுகிற வளையத்தை அவன் வாங்கவே இல்லை. மணி ஒன்பதே கால். வேறு ரவிக்கை போட்டுக்கொள்ளேன் என்று பயந்து பயந்து சொன்னான். மூன்று நாள் பட்ட பாட்டை வீட்டில் வைத்துவிட்டு வரமாட்டேன் என்றாள் மலர்விழி. வீட்டிலிருந்த பின்கள் எல்லாம் குட்டையாகிப்போன சேலையைச் சமாளிக்கவே செலவாகிவிட்டன. ஆகவே கிள்ளான் மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில், சன்னல்களில் துண்டைத் தொங்கவிட்டு, ஊசி நூலால் அவளை ரவிக்கைக்குள் வைத்தே முதுகில் தைத்து மூடினான்.

"கையைத் தூக்காதே. முக்கியமா சிரிக்காதே," என்றான்.

அப்படிச் சொன்னதே தப்பாகப் போயிற்று. காரை விட்டு இறங்கும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, முதுகில் முதல் தையல் 'பட்'டென்று விட்டது. இரண்டு பேரும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். தட்டு மாற்றும்போது எதிர்வரிசையிலிருந்து அவன் தெரியாத்தனமாக அவள் கண்ணைப் பார்த்துவிட்டான். அவள் தோள்கள் குலுங்கின. இரண்டாவது போயிருக்கும் என்று அவனுக்குப் புரிந்தது. ஆசீர்வாத அரிசி போடும்போது மூன்றாவது. அவள் முந்தானையை முதுகோடு சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவளுடைய சின்னம்மா பவுனம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைக்குக் குளிர்கிறது என்று ஆளனுப்பி ஏர்கோனை அடைக்கச் சொல்லிவிட்டார். பத்து நிமிடத்தில் மண்டபம் வெந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசிறிக்கொண்டார்கள். போர்வைக்குள் மலர்விழிக்கு வியர்வை வழிந்தது. எதிரே முகுந்தன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். மிச்சமிருந்த தையல் அத்தனையும் ஒன்றாக விட்டது.

பவுனம்மாள் அவளை மணமகள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், முந்தானையை விலக்கிப் பார்த்தார். இருபுறமும் வரிசையாக நின்ற பன்னிரண்டு கொக்கிகளையும் நிதானமாக எண்ணினார்.

"யாரு தெச்சது?"

"உங்க மருமகன்தான், சின்னம்மா."

பவுனம்மாள் தன் சேலையிலிருந்தும் அங்கிருந்த மற்றப் பெண்களிடமிருந்தும் பின்களைக் கழற்றி வாங்கி அவள் முதுகை மூடினார். மூடி முடிக்க நேரமானது, சிரிப்பில் அவர் கை நிற்கவில்லை. வெளியே வந்ததும் ஏர்கோனைத் திறக்கச் சொன்னார். பந்தியில் முகுந்தனுக்கு மட்டும் கேட்காமலே இரண்டு வடை கூடுதலாக விழுந்தது. முன்பின் தெரியாத பெண்களெல்லாம் அவனைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை மலர்விழியே அவனைப் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பச்சைப் பட்டு ஒன்றைக் காட்டினாள். கடைக்காரப் பெண் துணியை விரித்து, எத்தனை மீட்டர் வேண்டும் அக்கா என்று கேட்டாள். மலர்விழி தன் தையல்காரனைப் பார்த்தாள்.

"ரெண்டு மீட்டர் கொடுங்க," என்றான் முகுந்தன். "ஒண்ணு தெக்க, ஒண்ணு கெடுக்க."