வாசலில் சிக்கிய மிஷின்

"இன்னும் ரெண்டு இஞ்சு இடப்பக்கம் தள்ளுங்கப்பா" என்று தமிழ்ச்செல்வி சொல்லி முடிக்கவில்லை, மிஷின் நிலைவாசலில் போய் வசமாக மாட்டிக்கொண்டது. முன்பாதி வெளியே, பின்பாதி உள்ளே. அதன் பக்கவாட்டில் இருந்த இடுப்புயரச் சக்கரம் நிலைக்காலில் இடித்து நின்றது. லோடுமேன் காளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சக்கரத்தக் கழட்டுனாத்தேன் போகும்க்கா. இது உள்ள எப்படி வந்துச்சு?"

எப்படி வந்தது என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், விளாங்குடியில் இந்த வீட்டைக் கட்டும்போது, அவள் பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் முன்னறையில் இரும்பு உட்கார்ந்திருந்தது. நிலை வைப்பதற்கு முன்பே அதை உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் வாசல் வைத்துக் கட்டியிருந்தார் அவள் புருஷன் நல்லகாமன். ஒரு டிராயிங் மாஸ்டரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

மேலேயும் கீழேயும் இரண்டு உருளை, நடுவே ஓடுகிற இரும்புப் பலகை. செம்புத் தகட்டில் ஊசியால் படம் கீறி, மை தடவி, ஈரக் காகிதத்தை மேலே விரித்து, அதன் மேல் கம்பளி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் மறுபக்கம் படம் வரும். எங்கோ ஒரு கல்லூரியில் கழித்துப் போட்டதை வாங்கி வந்திருந்தார். அந்தக் கம்பளி அவள் சீதனமாகக் கொண்டுவந்தது. கேட்காமலே வெட்டிவிட்டார்.

காளை பெரிய ஸ்பேனரை நட்டில் மாட்டி, சுத்தியலால் அடித்து, இடப்பக்கமாகத் திருப்பினார். நட்டு அசையவில்லை. இன்னொருவரும் சேர்ந்து தொங்கினார். அப்போதுதான் தமிழ்ச்செல்வியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் நல்லகாமனுக்குத் துணை இருந்த கொழுந்தன் அழகுபாண்டி.

"மதினி" என்றான். "பத்து இருபதுக்கு மதினி. தூங்குற மாதிரியேதேன் இருந்தாரு. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. ஒரு மணி நேரத்துல கொண்டாந்துருவோம். வீட்ட ஒதுங்க வையுங்க."

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம்தான். புருஷன் உயிர் போன நிமிஷத்தில் அவர் சாமானை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தவள் அவள். கையும் களவுமாகப் பிடிபட்டது போல நின்றாள்.

மிஷினை வாங்க வந்த சத்யப்ரியா தெருவில், லோடு வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிற பெண். தமிழ்ச்செல்வியின் முகத்தைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"என்னாச்சுங்க்கா?"

"அவரு போயிட்டாரும்மா."

"அய்யோ. நாங்க இன்னொரு நாள் வர்றோங்க்கா. இத உள்ளயே வச்சுரச் சொல்லுங்க."

காளையின் ஆட்கள் உள்ளே இழுத்துப் பார்த்தார்கள். சக்கரத்தின் ஆரக்கால் நிலைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து கடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. போதாக்குறைக்கு அடித்த அடியில் நட்டு இன்னும் இறுகியிருந்தது.

தெருவுக்குத் தகவல் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷத்தில் நாத்தனார் செல்லத்தாய் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாரில் அடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தவள் வாசலில் இரும்பில் முட்டி நின்றாள். உள்ளே தமிழ்ச்செல்வி, வெளியே அவள். கட்டிப்பிடித்து அழக்கூட முடியவில்லை.

"ஏண்டி செல்வி, இது எதுக்குடி வாசல்ல கெடக்கு?"

"அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொன்னாருல மதினி. அவருக்குக் கட்டில் போட எடம் வேணுமேன்னு..."

சொல்லும்போதே அவளுக்கு நாக்குக் கூசியது. டாக்டர் அப்படிச் சொன்னது பதினேழாம் தேதி. அவள் மிஷினைப் போட்டோ எடுத்துச் சத்யப்ரியாவுக்கு அனுப்பியது மூன்றாம் தேதி. இடையில் பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை இந்த இரும்பால்தான் எதிர் வீட்டில் இடம் கேட்டு உட்கார வைத்தாள். வீட்டில் நாலு பேர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. ஒரு சோபா வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவ்வளவுதான். ஆனால் அவர் திரும்பி வரமாட்டார் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டுத்தானே போட்டோ எடுத்தாள்? அதை யாரிடம் சொல்வது.

"நிலைய அறுத்துறலாமாக்கா?" என்றார் காளை.

"சாவு வீட்ல நிலைய ஒடைப்பியா நீ?" செல்லத்தாய் அவர் மேல் பாய்ந்தாள். "அதுக்காக எந்தம்பிய பின்னாடி சந்து வழியா கொண்டாரச் சொல்றியா? அவென் கட்டுன வீட்டுக்குள்ள அவென் தலவாசல் வழியாத்தேன் வரணும்."

தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. ஐஸ் பெட்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கே இறக்குவது என்று எட்டிப் பார்த்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில், கஞ்சி டம்ளரைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல அவரிடம் கேட்டிருந்தாள்.

"ஏங்க, அந்த மிஷின் சக்கரத்தத் தனியாக் கழட்ட முடியுமா?"

"எதுக்கு?"

"நாளைக்கு வீடு ஒட்டடை அடிக்கிறேன். மதியத்துக்கு மேலதான் வருவேன்."

மூக்கில் குழாயோடு அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒட்டடை அடிக்கச் சக்கரத்தக் கழட்ட வேணாம்" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சரி, பாத்துக்கிடலாம்" என்றார். அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஒரு டிவிஎஸ் வண்டி நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்து நின்றது. ஆரப்பாளையத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற சிஹாபுதீன். நல்லகாமனின் இருபது வருஷச் சிநேகிதர். தோளில் ஸ்பேனர் பை.

"கொஞ்சம் தாமசமாயிருச்சு தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நாற்காலிகளைப் பார்த்தார். தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த செல்லத்தாயைப் பார்த்தார். பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மாஸ்டரா?"

தமிழ்ச்செல்வி தலையாட்டினாள். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. சாவு தெரியாமல் இவர் ஸ்பேனரோடு ஏன் வந்தார்?

"உங்கள யாரு பாய் வரச் சொன்னா?"

அவர் நிமிர்ந்து பார்த்து, சொல்லலாமா என்று தயங்கினார்.

"நேத்து ஏழு மணிக்கு மாஸ்டர்தான் போன் போட்டாரு. மூச்சு வாங்குது, பேச முடியல. 'நாளைக்கு வீட்ல மிஷினக் கழட்டுறாக பாய். நட்டு ரிவர்ஸ் மரை, வலப்பக்கம் திருப்புனாத்தேன் கழலும்னு செல்விக்குத் தெரியாது. அடிச்சு ஒடச்சு யாராச்சும் கையில போட்டுக்கிருவாக. நீங்க போயிப் பதமாக் கழட்டிக் குடுத்துருங்க'ன்னாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"'எனக்குத் தெரியும்னு அவகிட்ட காட்டிக்கிறாதீக'ன்னாரு." சொல்லிவிட்டு சிஹாபுதீன் தரையைப் பார்த்தார். "இப்ப நானே சொல்லிப்புட்டேன் பாரு."

தமிழ்ச்செல்வி இரும்புப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதும் வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எதுக்குடி விக்கிறே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அவளுக்கு ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கிறார் மனுஷன்.

சிஹாபுதீன் எழுந்தார். ஸ்பேனரை மாட்டினார். "சக்கரம் சுத்துறப்ப நட்டு லூசாகுதுன்னு நான்தான் இப்படிக் கடஞ்சு குடுத்தேன். சைக்கிள் இடது பெடல்ல இருக்குமே, அதே கணக்கு" என்று காளையிடம் சொன்னார். வலப்பக்கமாக ஒரு அழுத்து. சின்னச் சத்தத்தோடு நட்டு இளகியது. மீதியை விரலாலேயே சுற்றிக் கழற்றி, பலகைக்கு மேலாகக் கையை நீட்டித் தமிழ்ச்செல்வியிடம் கொடுத்தார்.

"இதப் புடி தங்கச்சி."

கிரீஸ் பிசுபிசுத்த நட்டு உள்ளங்கை நிறைய இருந்தது. சக்கரத்தை நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். இரும்புக் குழாய்கள் மேல் மிஷின் உருண்டு, நிலையில் ஒரு கீறல்கூடப் படாமல், வெளியே போய் நின்றது.

"அக்கா, நான் என்ன செய்யட்டுங்க?" சத்யப்ரியாவின் கண் கலங்கியிருந்தது. "வேண்டாம்னா விட்டுட்டுப் போயிர்றேன்."

இருக்கட்டும், உள்ளேயே தள்ளிவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? தெரு முனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"கொண்டு போம்மா. அவருதேன் ஆளு அனுப்பியிருக்காரே."

மிஷினை வண்டியில் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிட வண்டி பின்னால் நகர்ந்தபோது, சத்யப்ரியா தலையை நீட்டிக் கேட்டாள். "பாய், சக்கரத்தோட நட்டுங்க?"

சிஹாபுதீன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தமிழ்ச்செல்வியின் வலது கை மூடியிருந்தது.

"அது எங்கயோ உருண்டு போச்சு போலம்மா. நான் புதுசா ஒண்ணு கடஞ்சு அனுப்பி விடுறேன். நீங்க கெளம்புங்க."

நல்லகாமன் தலைவாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார். முன்னறையின் சிவப்புத் தரையில் மிஷினின் நான்கு கால்களும் இருந்த இடம் மட்டும் புதுத் தரை போலப் பளபளவென்று இருந்தது. ஐஸ் பெட்டியை அதன் மேலேயே வைத்தார்கள். வேறு இடம் இல்லை என்பதால் அல்ல. இப்போது அந்த அறையில் எங்கு பார்த்தாலும் இடம்தான்.

பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். செல்லத்தாய் ஒப்பாரியை எடுத்தாள்.

"நீ வந்து படுக்கணும்னு எடம் ஒதுக்கி வச்சாளே... என் ராசா, உன் செல்வி எடம் ஒதுக்கி வச்சாளே..."

கூட இருந்தவர்கள் அதையே வாங்கிப் பாடினார்கள். இல்லை மதினி, அப்படி இல்லை என்று தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் செல்லத்தாய் அவளை இழுத்து அணைத்து, இரண்டு கைகளையும் பிடிக்கப் பார்த்தாள். இடது கைதான் கிடைத்தது.

"கைய விடு தாயி. இப்படி இறுக்குனா நரம்பு புடிச்சுக்கிரும்" என்று பக்கத்தில் இருந்த பெண் அவளுடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க முயன்றாள். முடியாமல், கருப்பாகிப் போன தன் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.