விருந்தாளியின் சட்டி

மல்லாந்து படுத்துத் துப்பினால் மாரில்தான் விழும் என்பார்கள். தெரிந்துதான் துப்புகிறேன். 1936ஆம் ஆண்டு வைகாசியில் என் வீட்டில் மூன்று நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் கனகசபாபதி. மலாயாவில், ஈப்போவில் இருபத்தாறு வருடம் ரயில்வே கிளாக்கராக இருந்துவிட்டு, பென்சனோடு யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்குத் திரும்பியவன். ஈப்போவில் நான் குடியிருந்த அறைக்குக் கீழே லிம் என்ற சீனனின் கோப்பிக்கடை இருந்தது. ஒருமுறை மலேரியாவில் விழுந்து பிழைக்கமாட்டேன் என்று கிடந்தபோது, லிம்மின் தாய்தான் பத்தொன்பது நாள் எனக்குக் கஞ்சி ஊட்டினாள். நீல மீன் வரைந்த பீங்கான் கிண்ணம் அது. எழுந்து நடந்த பிறகும் அந்தக் கிண்ணம் எனக்கே என்றாகிவிட்டது. பதின்மூன்று வருடம் அதில் சாப்பிட்டேன். தங்கள் கிண்ணங்களோடு சேர்த்து ஒரே தொட்டியில் கழுவி, ஒரே பலகையில் கவிழ்த்து வைப்பார்கள். அந்த அடுப்பில் பன்றி வெந்ததா என்று நான் அங்கே கேட்டதும் இல்லை, ஊருக்கு எழுதியதும் இல்லை.

அந்த லிம் கண்டியில் புத்தருடைய பல்லைக் கும்பிட வந்தவன், அப்படியே யாழ்ப்பாணமும் பார்க்க வருகிறேன் என்று தந்தி அடித்தான். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். என் மனைவி குணலட்சுமிக்கு முகம் கறுத்துவிட்டது.

"பண்டி தின்னுற ஆள். எங்கடை ஏனத்திலை சோறு போட்டனாங்கள் எண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிஞ்சால் ஆவணியிலை பிள்ளையின்ரை கலியாணம் நடக்குமோ?" என்றாள்.

நான் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எவருக்கும் தெரியும். நானோ சுன்னாகம் சந்தைக்குப் போய்ப் புது மண்சட்டி ஆறு வாங்கி வந்தேன். எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. எதற்காக வாங்கினேன் என்பது லிம்முக்குத் தெரிந்துவிடக் கூடாது.

முதல் நாள் ஒடியற்கூழ், பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுவது. வீட்டுக்காரர் எல்லோரும் குசினியில் பானையைச் சுற்றி இருந்து குடிக்கிற சாப்பாடு அது. லிம்மை மாத்திரம் முன் விறாந்தையில் பாய் போட்டு இருத்தினோம். பெரிய விருந்தாளி தனியாக, முதலில் சாப்பிட வேண்டும், அதுதான் இங்கத்தை வழக்கம் என்று சொன்னேன். அவன் அப்படியே நம்பினான். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஒழுக, நண்டுக் காலை உறிஞ்சி உறிஞ்சி, மூன்றாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தான். அகப்பை சட்டியில் பட்டுவிடாமல் ஒரு முழ உயரத்திலிருந்து குணலட்சுமி ஊற்றினாள். சூடு தெறித்து அவன் கையில் பட்டது. அவன் சிரித்தான்.

மறுநாள் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்கு நடந்தோம். கார் பிடிக்கிறேன் என்றால் கேட்கவில்லை, நடந்தால்தான் ஊர் பார்த்தது என்பான் அவன். செம்மண் ஒழுங்கை நெடுக நின்று நின்று பார்த்தான். குடிலில் தொங்கிய புகையிலையை மணந்தான், வேலியோரம் நுங்கு விற்றவளிடம் பத்து நுங்கு வாங்கித் தின்றான். கேணியைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டான். ஒரு எட்டுத் தூரத்தில் உப்புக்கடல், இங்கே நல்ல தண்ணீர். ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, இறங்கிக் குளிக்கப் போகிறேன் என்றான்.

படியில் எங்கள் ஊர் அருளம்பலம் வாத்தியார் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொந்தம். நான் லிம்மின் கையைப் பிடித்து இழுத்தேன். இன்றைக்குச் செத்த வீட்டுக்காரர் மட்டும் குளிக்கிற நாள் என்றேன். அவன் கண் முன்னே இருபது பேர் முங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லிம் அவர்களைப் பார்த்துத் தலை குனிந்து, துக்கம் விசாரிப்பவன்போல் கைகூப்பினான். அந்த இடத்திலேயே எனக்கு உயிர் போயிருக்கலாம்.

மூன்றாம் நாள் பட்டணம். கோட்டையைச் சுற்றினோம், பெரியகடையில் தன் தாய்க்கு ஒரு பனையோலைப் பெட்டி வாங்கினான். மத்தியானம் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவன், அங்கேயே நின்றுவிட்டான். நான் ஓடிப் போனேன். அவன் அப்போதுதான் சாப்பிட்டு முடித்த சட்டியைக் குணலட்சுமி வேலியடியில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முதல் இரண்டு நாள் சட்டிகளின் ஓடுகள் குவிந்து கிடந்தன.

ஏன் உடைக்கிறா என்று லிம் கேட்டான். சண்டை பிடிக்கிற குரல் இல்லை, அறிய ஆசைப்படுகிற குரல். உண்மை சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி இடம் அதுதான்.

"நீ சாப்பிட்ட சட்டியிலை வேறை ஆரும் சாப்பிடக் கூடாது. அதுதான் உடைக்கிறது. இது எங்கடை ஊர் மரியாதை" என்றேன்.

லிம்முக்குக் கண் கலங்கிவிட்டது.

"கனகா, நான் உங்க வீட்டுக்கு அவ்வளவு பெரிய ஆளா?" என்றான், ஈப்போவில் ரப்பர் தோட்டத்துச் சனங்களிடம் பழகிய தமிழில். பிறகு குணலட்சுமியைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிட்டான். தொட்டுவிடுவானோ என்று அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

மகளின் கலியாணம் குறித்த நாளில் நடந்தது. ஐப்பசியில் ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. லிம் சொல்லச் சொல்ல அவன் மகன் இங்கிலீசில் எழுதியிருந்தான். யாழ்ப்பாணத்து மரியாதையைத் தாயிடம் விவரமாகச் சொன்னானாம். கிழவி வெட்கப்பட்டுப் போனாளாம். இத்தனை வருடம் உன் கிண்ணத்தை எங்கள் கிண்ணங்களோடு கலந்துவிட்டோம், நீ ஊருக்குப் போன பிறகு என் பேரனும் அதில் சாப்பிட்டான், நீ எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கிறாய் என்று எழுதச் சொன்னாளாம். வீட்டில் கிண்ணம் உடைவது அவர்களுக்கு ஆகாத சகுனம். அப்படி இருந்தும் அந்த நீல மீன் கிண்ணத்தை வாசலுக்குக் கொண்டுபோய்த் தன் கையாலேயே போட்டு உடைத்தாளாம். இனி நீ வந்தால் புதுக் கிண்ணம், முன் விறாந்தையில் தனியாக, முதலில். நாங்கள் உள்ளே காத்திருப்போம். அப்படி முடிந்திருந்தது கடிதம்.

என்ன எழுதியிருக்கிறார் என்று குணலட்சுமி கேட்டாள்.

"இனி நான் போனால் விறாந்தையிலை வைச்சுத்தான் சோறு போடுவினமாம்" என்றேன்.

"நல்ல பழக்கம்தானே" என்றாள் அவள். "இப்பவாவது அதுகள் பழகுதுகள்."

எனக்கு அவளில் வந்த அருவருப்பு பெரிதல்ல. அவள் மூன்று நாளும் பொய் சொல்லவில்லை. நான் மேசையில் இருந்து பதில் எழுதத் தொடங்கினேன். அது மரியாதை அல்ல லிம் என்று ஒரு வரி எழுதிக் கிழித்தேன். இன்னொருமுறை எழுதினேன், அதையும் கிழித்தேன். கடைசியில், உன் அம்மா எனக்குச் செய்த மரியாதையை ஒருநாளும் மறக்கமாட்டேன் என்று எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன்.