ஹெங் மாமாவின் பாஸ்வேர்ட்

எங்கள் மிதக்கும் ஊரில் வீடு நகரும். மனுஷர்களின் வீம்பு நகராது. ஏரித் தண்ணீர் வற்ற வற்ற வீடுகளைப் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். போன இடத்தில் ஒவ்வொரு கூரையிலும் இருக்கிற வைஃபை பெட்டி, பக்கத்துக் கூரைப் பெட்டியோடு கை கோத்துக்கொள்ளும். அப்படிக் கைமாறித்தான் கரையிலிருந்து இணைப்பு எங்களுக்கு வருகிறது.

பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் நான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வையுங்கள், அப்போதுதான் படகில் போகும்போது போன் தானாக அடுத்த பெட்டிக்கு மாறும் என்று தொண்டை வறளச் சொன்னேன். யார் கேட்டார்கள்? வாசலில் பலகை மாட்டுவதுபோல ஆளாளுக்குத் தன் பெயரை வைத்தார்கள். ஹெங் மாமா 'ஏரி ராஜா' என்றே வைத்துக்கொண்டார்.

அன்று காலை என் அண்ணி சொபியாப்புக்கு வலி கண்டது. குழந்தை கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது. கரை ஆஸ்பத்திரிக்குப் படகை விட்டோம். மருத்துவச்சி மாலிஸுக்கு இப்படி ஒரு பிரசவம் புதிது. நகரத்து டாக்டரம்மா போனில் பார்த்துச் சொல்லச் சொல்லத்தான் அவள் கை நகர்ந்தது. இரண்டாவது வீட்டைத் தாண்டியதும் டாக்டரம்மாவின் முகம் அப்படியே நின்று, இணைப்பு அறுந்தது.

"தியாரிக்கா, இழுக்கணுமா கூடாதான்னு சொல்றதுக்குள்ள போயிடுச்சே!" மாலிஸ் என்னிடம் அழுதேவிட்டாள்.

மறுபடி இணைத்துக் கொடுத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் படகில் எழுந்து நின்று கத்தினேன். "உங்க பேரைத் தூக்கி ஏரியில போடுங்க! எல்லாரும் பெட்டியோட பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நான் மாத்தறேன்!"

வீடு வீடாக ரகசியங்கள் தண்ணீர் தாண்டி வந்தன. மீன் வியாபாரியுடையது 'பொண்டாட்டிதான் முதலாளி'. சிரிக்க நேரமில்லை. படகு போய்ச் சேருமுன் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் என் போனிலிருந்தே மாற்றிக்கொண்டு போனேன். மிஞ்சியது ஹெங் மாமாவின் வீடு. அதற்கப்புறம் கரைவரை வெறும் தண்ணீர்; அவர் பெட்டியை விட்டால் வேறு வழியில்லை.

மாமா என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அத்தையைப் பார்த்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பிள்ளை உயிருய்யா, சொல்லித் தொலை!" என்றார் அத்தை.

"ரச்சனா."

"மாமா, கேக்கல! சத்தமா!"

"ரச்சனா! ரச்சனா!" ஊருக்கே கேட்டது.

அத்தையின் பெயர் யிம்.

"யாருய்யா அவ?"

"அது... கல்யாணத்துக்கு முன்னாடிடி."

பெயரை மாற்றினேன். படகு அவர் வீட்டைக் கடந்தது. மாலிஸின் போனையே பார்த்தேன். "இழுக்காதே, மாலிஸ். கையை மட்டும் கீழே கொடு. அப்படித்தான்..." டாக்டரம்மாவின் குரல் ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை. கரை தொடுவதற்குள் குழந்தை வீறிட்டது. படகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்றிருந்தது. சிரித்தேனா அழுதேனா, தெரியாது.

சாயங்காலம் யிம் அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தார். பின்னால் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு மாமா, முகத்தைத் தொங்கப்போட்டபடி. அத்தை குழந்தையை மடியில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பொண்ணுதானே? ரச்சனான்னே பேரு வைங்க," என்றார் அண்ணியிடம். பிறகு மாமா பக்கம் திரும்பினார். "இனிமே அந்தப் பேரு ஞாபகம் வந்தா, இந்தப் பிள்ளை முகம்தான்யா உனக்கு வரணும்."